ஜோசியர் கம்ப்யூட்டருக்குத் திரும்பிய இளமை

பிரிக்பீல்ட்ஸில் ஜோதிடம் பார்க்கும் ராதாகிருஷ்ணனின் கம்ப்யூட்டர் ஒரு காலையில் இயங்க மறுத்தது. பொத்தானை அழுத்தினால் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும். திரை கறுப்பாகவே இருந்தது. புதிதாக ஒன்று வாங்கவும் வழியில்லை. ஜாதகம் கணிக்கும் மென்பொருள், நகலெடுப்பதைத் தடுக்கப் பெட்டியின் பின்னால் செருகியிருந்த ஒரு சின்ன மின்பூட்டை நம்பி ஓடியது. இப்போது விற்கும் கம்ப்யூட்டர்களில் அந்தப் பூட்டைச் செருக இடமே கிடையாது. மென்பொருளை எழுதிய கும்பகோணத்துக்காரரோ அந்தத் தொழிலை விட்டுவிட்டு ஜவுளிக்கடை வைத்திருந்தார்.

கையால் கணிக்கவும் ராதாகிருஷ்ணனுக்குத் தெரியும். ஆனால் கூட்டலில் அவருக்கு அடிக்கடி இடறும். ஆகவே பெட்டியை ஒரு பழைய கைலியில் சுற்றிக்கொண்டு சாலாக் செலாத்தானில் மலரின் வீட்டுக்குப் போனார்.

மலர் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் பழுதான மின்னணு போர்டுகளைச் சரிசெய்யும் பிரிவில் வேலை பார்த்தவள். தொழிற்சாலையை மூடியதும் வீட்டு முன்ஹாலில் மேசை போட்டு, அதே வேலையைச் சொந்தமாகச் செய்ய ஆரம்பித்திருந்தாள். பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தவுடனே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"இங்க பாருங்க ஐயா. குட்டி டின் மாதிரி நிக்குதே, இதுதான் கெபாசிட்டர். கரண்ட் ஏத்த இறக்கம் இல்லாம போறதுக்கு இதுதான் வேணும். தலை தட்டையா இருக்கணும். இதுங்க எல்லாம் பூரி மாதிரி உப்பிக்கிச்சு."

ராதாகிருஷ்ணன் எட்டிப் பார்த்தார். இரண்டு டின்களின் தலை பிளந்து, பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது.

"சனி பார்வையா இருக்குமா?"

"மட்டமான சரக்கு ஐயா. அந்தக் காலத்து போர்டுல நெறைய இப்படித்தான். மாத்திட்டா ஓடும்."

அப்போது காப்பியோடு வந்தார் மலரின் மாமியார் தனலெட்சுமி. கணவர் காலமாகிப் பல வருடமாகிறது. காப்பியை வைத்தவர் போகாமல் நின்றார்.

"இது சரியானதும் முதல்ல என் ஜாதகத்த பாத்து சொல்லுங்க சாமி."

மலர் நிமிர்ந்து பார்த்தாள். அத்தை ஜோசியம் கேட்டு அவள் பார்த்ததே இல்லை. காரணமும் ஓரளவு புரிந்தது. கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டும் பழனியப்பன், மனைவியை இழந்தவர், சில மாதங்களாக ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு பழுதான பொருளோடு வந்துகொண்டிருந்தார். முதலில் மகளின் கம்ப்யூட்டர், பிறகு ரைஸ் குக்கர், பிறகு ரேடியோ. கடைசியாக வந்த மேசை விசிறியில் பழுதே இல்லை, ஒயரைக் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தார். மலர் அதை ஒட்டிக் கொடுக்கும் வரை அவர் தனலெட்சுமியோடு பேசிக்கொண்டிருந்தார். மலரின் கணவன் திருச்செல்வம் மட்டும், அந்த அங்கிள் வீட்டில் எதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர் என்று வருத்தப்பட்டான்.

மின்சாமான் கடைகள் நிறைந்த ஜாலான் பாசாரில் நல்ல கெபாசிட்டர்கள் கிடைத்தன. போர்டு கனமானது. அதற்குள் இருந்த செம்புத் தகடு சூட்டையெல்லாம் இழுத்துக்கொண்டதால், பற்றவைத்திருந்த பழைய ஈயம் இளகவே இல்லை. புது ஈயத்தை மேலே வைத்து உருக்கி, ஒவ்வொரு காலாக ஆட்டி எடுத்தாள். அடைத்துக்கொண்ட துளைகளை ஊசியால் திறந்தாள். கூட்டல் பக்கம், கழித்தல் பக்கம் மாறினால் டின் வெடித்துவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்தாள். வேலைக்கு முன் கழற்றி வைத்திருந்த வட்டப் பேட்டரியையும் மறக்காமல் திரும்பப் போட்டாள்.

பொத்தானை அழுத்தியதும் விசிறி நிற்காமல் சுற்றியது. திரையில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி வந்து, தொடர ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னது. அழுத்தினாள். மென்பொருள் பிள்ளையார் படத்தோடு திறந்தது. போதும் என்று அணைத்துவிட்டாள்.

மறுநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு தனலெட்சுமியே மருமகளோடு பிரிக்பீல்ட்ஸ் போய் அந்த முதல் ஜாதகத்தைப் பார்த்துக்கொண்டார். ராதாகிருஷ்ணன் அச்சான தாளை எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த வருஷம் களத்திர ஸ்தானம் பலமா இருக்கும்மா. துணை அமையும்னு வருது."

சொன்னவருக்கே ஆச்சரியம். ஐம்பத்தைந்தைத் தாண்டிய யாருக்கும் அந்த மென்பொருள் காசி யாத்திரையும் மூட்டுவலியும் தவிர வேறு எதையும் கொடுத்ததில்லை. தனலெட்சுமி தாளை வாங்கி முழுவதும் படித்தார், நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார், நன்றி சொல்லிக் கிளம்பினார்.

அந்த வாரம் ஜோசியர் கடையில் கூட்டம் அலைமோதியது. மேருவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநருக்கு வெளிநாட்டு வேலை என்று வந்தது. ஒரு முன்னாள் தலைமையாசிரியருக்கு மூன்றாவது குழந்தை என்று வந்தது. அவர் மனைவியிடம் சொல்லாமல் தாளை மறைத்துக்கொண்டார். முதியவர்கள் எல்லாரும் முகம் மலர்ந்து வெளியே வந்தார்கள். புது கெபாசிட்டர் போட்டதால் மெஷின் நன்றாக யோசிக்கிறது என்று ராதாகிருஷ்ணன் எல்லாரிடமும் சொன்னார்.

அடுத்த வாரம் அவர் மலருக்கு போன் செய்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"மலரு, மெஷின் ஒரு பொண்ண இன்னும் பிறக்கலன்னு சொல்லுது."

"எந்தப் பொண்ணு?"

"விஷ்ணுப்ரியான்னு, யூனிவர்சிட்டி படிக்குது. என் எதிர்லதான் உக்காந்து மைலோ குடிக்குது. அவங்கம்மா அழ ஆரம்பிச்சிட்டாங்க லா."

மலர் சட்டென்று கேட்டாள். "ஸ்கிரீன் மூலைல தேதி என்ன காட்டுது ஐயா?"

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஜனவரி. ரெண்டாயிரத்து மூணு."

பேட்டரியைக் கழற்றினால் கம்ப்யூட்டர் தன் கடிகாரத்தை மறந்து, தயாரான காலத்துக்கே போய்விடும். தேதியைச் சரிசெய் என்று அது திரையில் சொன்னதைத்தான் மலர் படிக்காமல் கடந்திருந்தாள். ஒரு வாரமாக அது கிழவர்களை எல்லாம் நடுவயதுக்காரர்களாகவே நினைத்துப் பலன் சொல்லியிருக்கிறது. தேதியை மாற்றும் வழியைச் சொல்லிவிட்டு போனை வைத்தாள். விஷ்ணுப்ரியா பிறந்துவிட்டாள் என்று சிறிது நேரத்தில் செய்தி வந்தது.

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அடுப்பங்கரை வாசலில் நின்றாள். தனலெட்சுமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஹாலில் திருச்செல்வம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"அம்மா பழனியப்பன் அங்கிள்கிட்ட கல்யாணத்துக்கு சரின்னு சொல்லிட்டாங்களாம்," என்றான். "எனக்கு ஒண்ணும் புரியல. அவரு ஃபேன் ரிப்பேர் பண்ணத்தானே வந்தாரு?"

மலர் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தை, அந்த ஜாதகம் தப்பு. தப்பு என் மேலதான். கம்ப்யூட்டர்ல தேதி பழசா இருந்துச்சு. உங்களுக்கு முப்பத்தேழு வயசுன்னு நெனச்சி பலன் சொல்லிருக்கு."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"தாள்ல மேலயே போட்டிருந்துச்சே, வயது முப்பத்தேழுன்னு. அங்கயே பாத்தேன்." தனலெட்சுமி ஒரு தண்டைக் கிள்ளி ஓரமாகப் போட்டார். "அவரு கேட்டு ரொம்ப நாளாச்சு. நானே போய் சரின்னு சொல்ல கூச்சமா இருந்துச்சு. யாராவது சொல்லட்டும்னு பாத்தேன். மெஷின் சொல்லிச்சு."

"அப்ப ஏன் வாய தொறக்கல நீங்க?"

"நான் எதுக்குமா திருத்தணும்? சாமியே படிச்சிட்டு வயச பத்தி பேசாம இருந்தாரு."

மலர் சிரித்துவிட்டாள். ஹாலிலிருந்து திருச்செல்வம், என்ன சிரிப்பு என்று கேட்டான். தனலெட்சுமி கீரையை அலச எழுந்தார். அவன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு பழனியப்பனே வந்து, வெட்டிய ஒயரைப் பற்றி நேராக ஒப்புக்கொண்டார். அதைக் கேட்டதும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்காக ஒருவர் நல்ல விசிறியைப் பாழாக்கியிருக்கிறார் என்பது அவன் மனதை எங்கோ தொட்டது.

ராதாகிருஷ்ணன் மற்ற வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுத் திருத்திய பலனைச் சொல்ல முயன்றார். பாதிப் பேர் கேட்க மறுத்தார்கள். முன்னாள் தலைமையாசிரியர் மட்டும் மறுமுனையில் நீண்ட பெருமூச்சு விட்டு, மனதார நன்றி சொன்னார்.

கிள்ளானில் கோயில் மண்டபத்தில் சின்னதாகக் கல்யாணம் நடந்தது. அடுத்த திங்களிலிருந்தே பள்ளி வேனின் முன் இருக்கையில் தனலெட்சுமி உட்கார ஆரம்பித்தார். பழனியப்பனுக்குப் பிள்ளைகளை அதட்ட வராது. அந்த வேலையை தனலெட்சுமி எடுத்துக்கொண்டார், வேன் நேரத்துக்குப் போய்ச் சேர ஆரம்பித்தது.