தம்பி குளிப்பாட்டிய சுவர்

அந்த வாரம் முழுக்க என் தம்பி ஓர் உலையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். நிலக்கரியை எரிவாயுவாக மாற்றும் உலை. உள்ளே சூடு தாங்கும் தீச்செங்கல், வெளியே இரும்புச் சுவர். உருகிய சாம்பல் செங்கலை அரித்துவிட்டதால், வெளி இரும்பில் தட்டளவு இடம் கொதித்தது. உலையை நிறுத்த முடியவே முடியாது என்று மேலிடம் கையை விரித்தது. ஆகவே தண்ணீர். மேடையில் நின்று பைப்பைப் பிடிக்க என் தம்பிதான் கிடைத்தான். ஆளாளுக்குத் தட்டிக்கொடுத்ததில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

இரும்பின் தடிமனை அளப்பது என் வேலை. அன்று காலை கருவியோடு ஏறினேன். கொதிக்கும் இடத்தில் சுவர் தேவலாம். அதற்குக் கீழே, தண்ணீர் வழிந்து ஜில்லென்று கிடந்த இடத்தில் கருவியை வைத்தேன். அங்கே பாதித் தடிமன்கூட இல்லை. உள்ளே ஓடும் வாயுவில் கந்தகமும் உண்டு, ஈரமும் உண்டு. இரும்பு குளிர்ந்தால் உள்பக்கம் வியர்க்கும். அந்த வியர்வை அமிலம். அவன் ஊற்ற ஊற்ற அது இரும்பைத் தின்றுகொண்டிருந்தது. இத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. புத்தியை எங்கே அடகு வைத்தோமோ!

கன்ட்ரோல் ரூமுக்கு ஓடினேன். அங்கே ஷிப்ட் பொறுப்பு என் கணவருக்கு. விஷயத்தைக் கேட்டுவிட்டு மேலிடத்துக்குப் போன் செய்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இன்னொரு தடவை அளந்து பாக்கச் சொல்றாங்க."

"அங்க நிக்கிறது உங்க மச்சான்."

"எனக்குத் தெரியாதா? நானா நிறுத்தினா நாளைக்கு நம்ம ரெண்டு பேருக்கும் வேலை இருக்காது."

இவரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. மேடைக்கே திரும்பினேன்.

"டேய், போட்டுட்டு இறங்கு. நீ ஊத்துற தண்ணிதான் சுவரைத் தின்னுது."

அவன் முகம் செத்துப்போனது. ஆனாலும் பைப்பை விடவில்லை.

"நிறுத்தினா சூட்டுல உப்பி வெடிக்கும்க்கா. கீழ ஆளுங்க இருக்காங்க."

"பைப்பைக் கம்பியில கட்டிட்டு வா."

"கட்டிப் பாத்தாச்சு. துள்ளித் திரும்பிக்குது. நீ போ."

அவன் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் கொடுமை. ஊற்றினாலும் சாவு, ஊற்றாவிட்டாலும் சாவு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வாக்கி-டாக்கியில் கணவரைக் கூப்பிட்டேன்.

"கேக்குதா? நான் எதையும் அளக்கப் போறதில்ல. நீங்க நிறுத்துற வரைக்கும் இவன்கூடவே நிக்கப் போறேன்."

வாயில் கொழுக்கட்டையா என்று திட்ட வாயெடுத்தேன், அதற்குள் அபாயச் சங்கு ஊதியது.

"நிறுத்திட்டேன்மா." அவர் குரல் உடைந்திருந்தது. "அழுத்தம் இறங்க நேரமாகும். ரெண்டு பேரும் ஓடி வாங்க."

கீழே ஆட்கள் வாசலை நோக்கி ஓடினார்கள். கடைசி ஆள் தாண்டும்வரை தம்பி அசையமாட்டான். பிடிவாதத்தில் அவன் எங்கள் அம்மாவை உரித்து வைத்தவன். அழுத்தம் காட்டும் முள் ஆமை வேகத்தில் இறங்கியது.

அப்போது கேட்டது. தண்ணீர் இரைச்சலுக்கு அடியில் மெல்லிய சீறல். சுவர் பொத்துக்கொண்டது.

"அக்கா, என்ன சத்தம் அது?"

"தண்ணிடா. தண்ணிதான்."

நனைந்த அவன் கைமேல் கைவைத்துப் பைப்பை இறுக்கிப் பிடித்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பொய் சொன்னால் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"ஆமாக்கா," என்றான். "தண்ணிதான்."