நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு

“அந்தப் பழைய கம்ப்யூட்டரத் தெறங்க சார். உள்ள பாக்கணும்.”

முதலாளி சக்கரபாணி டீ டம்ளரைக் கீழே வைக்கவில்லை. அன்பரசி வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார், எது வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று. பீரோவுக்குப் பக்கத்தில் போர்வை போர்த்திக் கிடந்தது அது. பத்து தடவை அமுக்கினால் ஒரு தடவை உயிர் வரும். அதனால்தான் அன்பரசிக்கு இந்த வேலையே கிடைத்தது. மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான் இன்சுலேட்டர்களைச் சோதிக்கிற புரோகிராம் பழைய விண்டோஸில்தான் ஓடும். எழுதிய கம்பெனி மூடிப் பல வருஷமாகிறது. அவர் பென்டிரைவில் எடுத்துக் கொடுத்த நகலை அவள் புது மிஷினில், லினக்ஸில் ஓட வைக்க வேண்டும்.

அதற்கென்று ஓர் இணக்க அடுக்கு இருக்கிறது. விண்டோஸ் புரோகிராமை, நீ விண்டோஸில்தான் இருக்கிறாய் என்று நம்ப வைக்கும். எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள் சேர்ந்து பொதுவில் எழுதுவது. யாரும் திருத்தலாம். இந்தப் புரோகிராம் அதில் மூன்று இடத்தில் தடுக்கி விழுந்தது. மூன்றையும் அன்பரசி திருத்தி அனுப்பினாள், ஏற்றுக்கொண்டார்கள். வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். திருத்தங்களை ஏற்றுக்கொண்டதை, இதே ஆலையில் பீங்கானைக் கிளேஸில், அந்தப் பளபளப்புப் பூச்சில், முக்கியெடுக்கும் அம்மாவுக்குப் புரிய வைக்க இரண்டு நாள் மல்லுக்கட்டி, விட்டுவிட்டாள்.

நான்காவது பிழைதான் பிடி கொடுக்கவில்லை. பழைய மிஷினில் ஒரு பீங்கான்கூட ஃபெயில் ஆனதில்லையாம். புதியதில் அறுநூறுக்கு நாற்பத்தொன்று மின்கசிவு என்று சிவப்பில் வந்தது. பதினோரு நாள் அவள் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். தன் திருத்தங்களை, தன் மூளையை, பாதி கம்ப்யூட்டர் ஓடாத லேபில் படித்த படிப்பை. கடைசியில் பொதுவில் பிழை அறிக்கை போட்டாள். பெயர்கூட வாயில் நுழையாத ஒருவர் பதில் எழுதினார்: அடுக்கு சரியாகத்தான் இருக்கிறது. மீட்டர் எண்ணைப் படிக்கிற விண்டோஸ் ஃபைலின் பெயரிலேயே இன்னொன்று உங்கள் ஃபோல்டரில் கிடக்கிறது. அது அசல் இல்லை. அதை ஒதுக்கிவிட்டு அடுக்கு தன்னுடையதை எடுத்துக்கொள்கிறது.

அந்த ஃபைலைப் பிரித்துப் பார்த்தாள். அளவைத் தாண்டி எந்த எண் வந்தாலும், சத்தமில்லாமல் அளவுக்குள் இறக்கி வைத்தது.

அதற்குப் பிறகுதான் கொளஞ்சிநாதனைக் கவனித்தாள். சோதனை மேசையில் இருபது வருஷம். மின்சாரம் ஏறும்போது திரையைப் பார்க்கமாட்டார். தலையைச் சாய்த்துக் கேட்பார். சில பீங்கான்களின் அடியில் மட்டும் சாக்பீஸால் ஒரு கோடு. லாரி வருமுன் அவரே ஈரத்துணியால் துடைத்துவிடுவார். நேற்று, துடைப்பதற்கு முன் அவள் ஒப்பிட்டுப் பார்த்தாள். நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டுக்குக் கோடு இருந்தது.

“ஏண்ணா, நீங்களே போட்டு நீங்களே அழிக்கிறீங்க?”

“உஸ்ஸுன்னு கேக்குது பாப்பா, கை தானா போட்ருது. அழிக்கச் சொல்றாங்க, அழிக்கிறன். கம்பத்துல ஏர்றவன் எம்மவன் இல்லன்னு நெனச்சிக்க வேண்டிதான்.”

சக்கரபாணி டீயைக் குடித்து முடித்தார். அவர் ஏமாந்தவரா, ஏமாற்றுகிறவரா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

“நாலு மாசத்துல போலீஸாயிட்டியாம்மா? பழச எதுக்கு நோண்டுற? ஃபோல்டர்ல கெடக்குற ஃபைல எடுத்துக்கன்னு ஒரு வரி எழுதுனா முடிஞ்சுபோச்சு. அறுநூறும் பாஸு. மூணு மணிக்கு லாரி.”

ஃபைல் என்ற வார்த்தையை அவள் இந்த அறையில் சொல்லவே இல்லை.

“அந்த வரிய நான் எழுத மாட்டேன் சார்.”

“ஒங்கம்மா வீரம்மா கிளேஸ் தொட்டிகிட்டதான் நிக்கிறா. அவளயும் ஒரு வார்த்த கேட்டுக்க.”

“எங்கம்மாவ ஏன் இழுக்குறீங்க?”

“நான் எங்க இழுத்தேன்? நீதான் இழுக்குற.”

பிரிண்டரில் இருந்த சிவப்புப் பட்டியலை எடுத்து நான்காக மடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். முற்றத்தில் வைக்கோல் பரப்பிப் பீங்கான்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முழங்கைவரை கிளேஸ் காய்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள்.

“என்னாடி, மணி பன்னண்டுகூட ஆவல?”

“கரண்டு ஆபீஸுக்குப் போறேம்மா. நாளையிலேர்ந்து நம்ம ரெண்டு பேருக்கும் இங்க வேல இருக்காது.”

வீரம்மாள் கையிலிருந்த பீங்கானைத் தொட்டியில் முக்கினாள். மூன்று எண்ணுவதற்குள் தூக்கிவிட வேண்டும். அன்பரசி கேட்டைத் தாண்டும்போதும் அந்தக் கை கிளேஸ் குழம்புக்குள்ளேயே இருந்தது.