நடக்கிற தூரம்

பெரம்பலூர் செண்பக நகர் மூன்றாம் குறுக்குத் தெருவில், வீரமணி வீட்டு வாசலிலிருந்து பால் பூத் நாற்பது அடி தூரத்தில் இருந்தது. அவர் மனைவி கலைமணி பால் வாங்கித் திரும்ப ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. எதிர்வீட்டு ஜெயசுதா அதே பாலை இரண்டு நிமிடத்தில் வாங்கி வந்தாள். கோடையில் கலைமணி கொண்டுவந்த பால் பாதி நாள் திரிந்திருந்தது.

வீடு வாங்கும்போது தெரு ஒழுங்காகத்தான் இருந்தது. வீரமணி அரசு நில அளவையர். எத்தனையோ வரப்புச் சண்டைகளை அளந்து தீர்த்தவர், ஏமாறுகிற ஆள் இல்லை. அப்பா பூமாலைக்கு முன்பே ஒருமுறை மாரடைப்பு வந்து, கிராமத்திலிருந்து பஸ் பிடித்து டவுனுக்கு வருவதற்குள் பாதி உயிர் போயிருந்தது. அதனால்தான் டாக்டர்களும் வக்கீல்களும் குடியிருக்கும் இடமாகப் பார்த்தார். பள்ளிக்கூடம், கடை, பார்க் எல்லாம் நடக்கிற தூரம். ஆஸ்பத்திரி நானூற்றுப் பன்னிரண்டு அடி. தானே டேப் பிடித்து அளந்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுத்தார்.

"சார், நமக்குச் சொந்த ஊரு எந்தப் பக்கம்?" என்று அக்கம்பக்கத்தார் கேட்டபோதெல்லாம், "வேப்பந்தட்டைப் பக்கம்ங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். காரியம் கெட்டது புதுமனைப் புகுவிழாப் பத்திரிகையில். "பாட்டன் பூட்டன் பொறந்த தெரு, அதப் போடாம என்னடா பத்திரிக?" என்று பூமாலை பிடிவாதம் பிடித்தார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வயலில் உழைத்த மனிதர், மகன் வீட்டுப் பத்திரிகையில் தன் தெருவைப் பார்க்க ஆசைப்பட்டது தப்பா? காலனித் தெரு என்று கொட்டை எழுத்தில் அச்சானது. வீடு வீடாகக் கொடுத்தார்கள். எல்லோரும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார்கள். ஒருவரும் சாப்பிட வரவில்லை. மறுநாள் காலையிலிருந்து அந்த வீட்டு நான்கு பேருக்கும், அவர்களைத் தேடி வருகிறவர்களுக்கும் மட்டும் தெரு நடக்க நடக்க நீண்டது.

வீரமணி டேப் போட்டு அளந்தார். நாற்பது அடி சரியாக இருந்தது. டேப்பைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்ப முக்கால் மணி நேரமானது. பைக்கில் போனாலும் அப்படித்தான். அடுத்த தெருப் பள்ளிக்கு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர, மகள் அபிநயா ஐந்தரைக்கே கிளம்பி, இட்லியை வழியில் நின்று தின்றாள். "பாவம், அவங்களுக்கு நடையே மெதுவு போலருக்கு" என்றாள் ஜெயசுதா. இரண்டு வருடத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது.

போன ஆவணியில், மத்தியானம் சாப்பிட்ட கையோடு பூமாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ்காரர் போனில், "வந்துகிட்டேதான் இருக்கேன் சார், உங்க வூடுதான் வர மாட்டேங்குது" என்றார். வீரமணி அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தார். ஆஸ்பத்திரி போர்டு கண்ணெதிரே தெரிந்தது. கொஞ்சம் சுருங்கு தாயே என்று தெருவிடம் கெஞ்சினார்.

"என்னாலதான்டா. அந்தப் பேரப் போடச் சொல்லிருக்கக் கூடாது" என்றார் பூமாலை.

"நம்ம தெருப்பா அது. இன்னொரு தடவ அச்சடிச்சாலும் போடுவேன்" என்றார் வீரமணி.

அப்பாவின் கை அவர் தோளிலிருந்து நழுவியபோது பொழுது சாய்ந்திருந்தது. இன்னும் முந்நூறு அடி பாக்கி.

சுடுகாடு ஊருக்கு வெளியே மூன்று கிலோமீட்டர். மறுநாள் பாடையைத் தூக்கி எட்டு அடி வைத்ததும் சுடுகாட்டு வாசல் வந்துவிட்டது. வழியெல்லாம் தூவக் கொண்டுவந்த பூ, கூடையில் அப்படியே இருந்தது. செண்பக நகர்க்காரர்கள் மாடியிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்கள், யாருக்கும் ஆச்சரியமில்லை. வீரமணி மட்டும் பாடையை இறக்க மனமில்லாமல், இன்னும் கொஞ்ச தூரம் இருந்திருக்கக் கூடாதா என்று அழுதார்.