அர்பாப் விடமாட்டேங்கார்

...கரி இன்னும் அந்த எடது மூலையிலதான் ஒட்டுது, மத்த எடமெல்லாம் சுத்தம், சுரண்டு, ஆனா கூடுதலா சுரண்டிராதே செல்வசிங், எடுத்த மரத்தத் திரும்ப ஒட்ட முடியாது, வால்நட் கட்டை, இதுக்கு வந்த வெலைக்கு ஊர்ல ஒரு வள்ளமே இறக்கிரலாம். விளக்குக் கரிய எண்ணெயில குழச்சு துப்பாக்கிக்க இரும்பில பூசணும், பூசிட்டு இரும்பக் கட்டைக்குள்ள அமுக்கி எடுக்கணும், எங்க கறுப்பு பட்டிருக்கோ அங்க முட்டுதுன்னு அர்த்தம், அத மட்டும் சுரண்டணும், திரும்பப் பூசணும், திரும்ப அமுக்கணும், ஒரு எடத்தில மட்டும் முட்டிக்கிட்டு நின்னுச்சுன்னா வெடிக்கிற வேகத்தில கட்டை பிளந்துரும்... குளச்சல்ல வள்ளத்துக்குப் பலகை சேத்தவன் நான், பொருத்தம்னா என்னான்னு எனக்கு ஒருத்தனும் சொல்லித் தரண்டாம். மணி ஒண்ணேகால். அல் ஐன்ல இந்நேரம் ரோட்டில நாய்கூட நடக்காது, துப்பாக்கிக் கடை ஷட்டர் நாலு மணிக்குத்தான் தெறக்கும், முன்னால வியாபாரம் பாக்குற முகம்மது சித்தீக் ரூமுக்குச் சாப்பிடப் போயாச்சு. பொறத்த இருக்குற இந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஜன்னல் கிடையாது, கதவு சித்தீக்குக்க விரல் வச்சாத்தான் வெளியே இருந்து தெறக்கும், உள்ள ஒரு பச்சைப் பொத்தான் உண்டு, அமுக்கினா போகலாம், நான் அமுக்குறதில்ல, வெளிய எனக்கு என்ன சோலி.

அர்பாப், எனக்க அரபி மொதலாளி, வந்துட்டுப் போய் முக்கா மணிக்கூர் ஆகுது. ஈசா அவருக்க பேரு, நம்ம ஏசுவுக்க பேருதான் அரபியில, நல்ல மனுஷன், அதுதான் இப்ப எனக்கு வந்த வினை. பல குண்டு போடுற மேகசின் வச்ச துப்பாக்கி எட்டு கெடக்கு அவர்கிட்ட, ஆனா உசிரு முழுக்க இந்த ஒத்தக்குண்டு மேலதான், ஒரு குண்டு, தப்பிச்சுன்னா தப்பிச்சது, அப்பதான் மனுஷன் யோசிச்சுச் சுடுவாம்பாரு. ஆகஸ்டில அளவெடுத்தப்ப மெல்லிசா கந்தூரா, அந்த வெள்ளை அங்கி, போட்டிருந்தாரு, வேட்டைக்குப் போறதோ கஜகஸ்தான் பனிக்கு, தடிச்ச கோட்டு போட்டாக் கட்டை தோளில தட்டுமேன்னு நான்தான் அரை விரல் குறைச்சேன், இன்னைக்குக் கோட்டையும் மாட்டிக்கிட்டு வந்து தோளில வச்சுப் பாத்தாரு, இந்த வெயில்ல! முகம் அப்படியே மலர்ந்து போச்சு. கோட்டக் கழத்திட்டு எனக்க முகத்தையே பாத்தாரு. பாதி அரபி பாதி இந்தி, அவரு பேசுறது அப்படித்தான்... உன் வீட்டுக்காரிக்கு வியாழக்கிழமை ஆபரேஷனாமே, சித்தீக் சொன்னான், என்கிட்ட நீ ஏன் சொல்லல, ஊருக்குப் போறியா, இன்னைக்கே டிக்கெட் போடச் சொல்லுறேன், துப்பாக்கி எங்கயும் ஓடிராது.

நான் தலைய ஆட்டினேன். ஆட்டினேன், அவ்வளவுதான், நம்ம ஊர்ல சரின்னு ஆட்டுவோமே, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமா, அப்படி. அவரு ஒரு நிமிஷம் நின்னாரு. ‘மாயபி?’ன்னாரு. வேண்டாமான்னு கேக்குறாரு. திரும்பவும் தலைதான் ஆடுது. சரி, உன் இஷ்டம்னு எனக்க முதுகில ஒரு தட்டுத் தட்டிட்டுப் போயிட்டாரு.

இப்படி ஆட்டினா அரபிக்காரனுக்கு ‘இல்ல’ன்னு அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? வந்த முதல் வருஷம் அவரு காரில ஏறும்போது கடைக்க பின்கதவு பூட்டியாச்சான்னு கேட்டாரு, ஆட்டினேன், இன்னும் பூட்டலியா மடையான்னு கத்திக்கிட்டு அந்த வெயில்ல எறங்கி நடந்து போய்ப் பாத்தாரு, பூட்டித்தான் இருந்துச்சு, வந்து என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு, சித்தீக் விழுந்து விழுந்து சிரிச்சான். அன்னையில இருந்து நான் வாயத் தெறந்து ‘ஐவா’, ஆமான்னுதான் சொல்லுவேன். பதினாலு வருஷம். ஊருக்குப் போனாக்கூட தலை ஆடாது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நேரா நிக்கும், வீட்டுக்காரி தங்கபுஷ்பம் சிரிப்பா, ‘உங்களுக்க கழுத்தையும் அந்த அரபி எழுதி வாங்கிட்டானா?’ன்னு. அந்தக் கழுத்து இன்னைக்கு எதுக்கு ஆடிச்சு... பதட்டம், வேற என்ன, பெரிய மனுஷன் திடீர்னு கேட்டா யாருக்கும்... ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம். போடா. ‘மாயபி?’ன்னு திரும்பக் கேட்டாரே, அப்ப ஒரு ‘ஐவா’ சொல்ல எனக்க நாக்கில என்ன புண்ணா?

மூணு வாரமாச்சு அவளுக்கு மாரில கட்டின்னு தெரிஞ்சு. மூணு வாரமா தெனமும் ‘லீவு கேட்டியளா?’ன்னு கேக்கா, தெனமும் நான் ‘அர்பாப் விடமாட்டேங்கார் பிள்ளே’ன்னு சொல்லுதேன். நான் கேக்கவே இல்ல. ஒரு நாள்கூடக் கேக்கல. அவரு நல்லவருன்னு தெரிஞ்சுதான் கேக்கல, கேட்டா விட்டுருவாரு. அவ அங்க இருந்து அவரைச் சபிக்கா, அவனுக்குப் பெண்டாட்டி பிள்ள இல்லியா, துப்பாக்கிதான் பெருசான்னு, நானும் இங்க இருந்து உம் கொட்டுதேன். வெக்கமா இருக்கு. ஆபரேஷனுக்குக் கூட ஒருத்தர் கையெழுத்துப் போடணுமாம், மகன் விஜினுக்குப் பதினேழுதான் ஆகுது, அவன் போட்டாச் செல்லாது, ‘நீங்க ஒண்ணும் செய்யண்டாம், வந்து ஒரு கையெழுத்தப் போட்டுட்டு வெளிய பெஞ்சில இருந்தாப் போதும்’ங்கா. அந்தப் பெஞ்சு. அதே ஆஸ்பத்திரி, அதே வராந்தா. எங்க மூத்த பிள்ள அக்ஸாவுக்கு நாலு வயசு அப்ப, தலையில நீர் கட்டியிருக்கு, உடனே எடுக்கணும்னாவ, பேப்பர நீட்டினாவ, படிக்கல, போட்டேன், செல்வசிங்குன்னு நல்ல தெளிவா முழுப்பேரும் எழுதினேன், அந்தப் பேரு காயுறதுக்குள்ள நர்ஸ் வெளிய வந்து எனக்க முகத்தப் பாக்காம நின்னா. ஒருத்தரும் என்னையக் குறை சொல்லல. புஷ்பம் ஒரு சொல்லு சொல்லல. அடுத்த வருஷம் விசா வந்தப்ப ஊரே கடனுக்காகப் போறான்னு நெனச்சுது, கடன் எங்க இருந்துச்சு எனக்கு... எனக்குப் பயம், அவ்வளவுதான், அந்தப் பேனாவ இன்னொரு தடவ பிடிக்கப் பயம், ஒரு நூல் அளவு பிசகாம மரத்தச் சுரண்டுற இந்தக் கைக்கு.

போன் அடிக்குது. அவதான். அங்க மூணு மணி ஆகப்போகுது, சாப்பிட்டு முடிச்சிருப்பா. கைய வேட்டித்துணியில தொடச்சும் போனெல்லாம் கறுப்பு. சாப்பிட்டியளான்னு கேட்டா, சாப்பிட்டேன்னேன், சாப்பிடல. நாளைக்கு அட்மிட் ஆகச் சொல்லுதாவன்னா, பழைய சேலை ரெண்டு எடுத்து வச்சிருக்கேன்னா. அப்புறம் வழக்கமான கேள்விதான், ஆனா இன்னைக்குக் கொரல்ல சண்டை இல்ல, ‘அர்பாப் இன்னைக்காவது ஏதும் சொன்னானா?’

விடமாட்டேங்காருன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன், சத்தியமா. மூணு வாரம் பழகின வார்த்தை, தானா வரும். ஆனா முதுகில அந்த மனுஷன் தட்டின எடம் இன்னும் தெரியுது, அவரைத் திட்ட இவளுக்கு இன்னொரு நாள் எடுத்துக் குடுக்க எனக்கு முடியல.

‘போகச் சொல்லிட்டாரு புஷ்பம்’னேன்.

அழுதா. சத்தமா இல்ல, மூக்க உறிஞ்சுற சத்தம் மட்டும். அவனுக்கு மாதா நல்லது செய்யட்டும்னா, நான் எத்தனை சபிச்சேன் அந்த மனுஷனன்னா, விஜினக் கூப்பிட்டு அப்பா வாறாருலேன்னா, அவன் தூரத்தில என்னமோ கேட்டான். பொறவு மூச்சப் பிடிச்சுக்கிட்டு, ‘அப்ப எப்ப வருதிய?’ன்னு கேட்டா.

நான் இன்னும் அர்பாப்கிட்டத் திரும்பப் பேசல. பேசினா டிக்கெட் வந்துரும், பேசலன்னா... பேசலன்னா வராதவன் நான்தான், அர்பாப் இல்ல. பதினாலு வருஷத்தில அவருக்க பேரச் சொல்லாம நான் பதில் சொல்லவேண்டிய முதல் கேள்வி இது. ‘கேக்குதா, இருக்கியளா?’ங்கா அவ. இருக்கேன் பிள்ளேன்னேன், இருக்கேன், இருக்கேன்.