முதல் குடத்துத் தண்ணீர்

எங்கள் வீட்டுக்கு நல்லதண்ணி வீடு என்று பெயர். கூரியர் கொண்டு வருகிறவன்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்பான். கீரமங்கலத்துக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊரில் கிணறுகளுக்கும் ஆழ்துளை போர்களுக்கும் குறைவில்லை. ஆனால் சித்திரைப் பௌர்ணமியன்று அய்யனார் கோயிலில் ஊருக்கே சோறு போடும்போது, சாம்பார் அண்டாவுக்குத் தண்ணீர் எங்கள் கிணற்றிலிருந்துதான் போக வேண்டும். முதல் குடத்தில் வேப்பிலை போட்டு, வீட்டுக்கு மூத்தவன் தலைப்பாகை கட்டித் தோளில் சுமந்துபோய் ஊற்றுவது வழக்கம். என் அப்பாவுக்குப் பிறகு நான் ஊற்றுகிறேன். தெருவுக்கென்று மதிலில் ஒரு குழாயும் வைத்துக் கொடுத்திருக்கிறோம். யாரையும் ஏன் எடுக்கிறாய் என்று இன்றுவரை கேட்டதில்லை.

அந்த வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு ஒருவர், உங்கள் தண்ணீரில் மீன் செத்துப்போகிறது என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

சொன்னவர் ரியாசுதீன். புதுக்கோட்டையில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கிறார். அவரை வரவழைத்தவள் என் மருமகள் கலைமதி. என் மகன் கோபிநாத் கத்தாரில் இருக்கிறான். அவன் போன முறை வந்தபோது கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி வாங்கி வைத்துவிட்டுப் போனான். அதில் டிஸ்கஸ் என்று ஒரு மீன். வடைச்சட்டி மூடிபோல வட்டமாக, தட்டையாக இருக்கும். கலைமதி இரண்டு முறை வாங்கிவிட்டாள், இரண்டு முறையும் செத்துவிட்டது.

ரியாசுதீன் பேனா மாதிரி ஒரு கருவியை எங்கள் குழாய்த் தண்ணீரில் முக்கி எடுத்து, அது காட்டிய எண்ணைப் பார்த்தார்.

"தண்ணி மோசம்னு சொல்லலைங்கய்யா. மீனுக்கு உப்பு கூடுதல்னு சொல்றேன்."

"எங்க தண்ணியில உப்பா? தெருவே குடிக்குதுய்யா இதை."

"மனுசரு குடிக்கலாங்க. இந்த மீனு வெளிநாட்டுக் காட்டுல, மழைத்தண்ணி ஓடுற ஆத்துல கெடந்த மீனு. அதுக்கு இது ஆகாது."

"அப்ப அது அங்கயே கெடக்க வேண்டியதுதானே? இங்க எதுக்கு வந்துச்சு?"

கலைமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது.

"ஒரு ஆர்.ஓ. மெஷின் மாட்டிருவோம் மாமா," என்றாள். "மீனுக்கு மட்டுந்தான்."

நல்லதண்ணி வீட்டில் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின்! வேறு வினையே வேண்டாம், என் பங்காளி நாகராசு காதில் விழுந்தால் போதும். இரண்டு வருஷமாகவே விழாக் கமிட்டியில் அவன், என் வீட்டு போர்த் தண்ணி இளநியா இருக்கு என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். முதல் குடத்தின் மேல் அவனுக்கு ஒரு கண். ஆனால் மகன் போனில் கெஞ்சினான். என் மனைவி செவந்தியும் மருமகள் பக்கம் சாய்ந்துவிட்டாள். கடைசியில் ஒத்துக்கொண்டேன். மெஷின் பின்கட்டில் உரமூட்டை போடும் அறையில்தான் இருக்க வேண்டும். வீட்டில் ஒருவர்கூட அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. வெளியே ஒருத்தருக்கும் தெரியக் கூடாது.

ரியாசுதீன் மாட்டினார். அழுக்கைப் பிடிக்க ஒரு குழல், கரி நிரப்பிய ஒரு குழல், கடைசியில் உப்பைப் பிரிக்கும் குழல், தண்ணீரை அழுத்தித் தள்ள ஒரு சின்ன மோட்டார். சுத்தமான தண்ணீர் நீல டிரம்களில் விழுந்தது.

"இதை அப்படியே மீனுக்கு ஊத்திரக் கூடாதும்மா," என்று கலைமதிக்குச் சொன்னார். "சத்தே இருக்காது. வீட்டுத் தண்ணியும் கொஞ்சம் கலந்துதான் விடணும்."

"ஆக, எங்க தண்ணி இல்லாம அதுவும் ஆகாது?" என்றேன்.

"ஆகவே ஆகாதுங்கய்யா," என்றார். நல்ல மனிதர்.

போகும்போது இன்னொரு குழாயைக் காட்டி, "இது கழிவுத் தண்ணி, வெளிய விட்டுருங்க," என்றார். வெளியே என்றால் எங்கே? தெருச் சாக்கடையில். டிரம்மில் விழுவதைப்போல இரண்டு பங்கு அதில் வந்தது. கையில் பிடித்துப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி இருந்தது. கோடை வெயிலில் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கிற வாசலில், நல்லதண்ணி வீட்டுச் சாக்கடையில் பகலெல்லாம் தெளிந்த தண்ணீர் ஓடினால் ஊர் என்ன பேசும்? ஓடுவதைப் பார்த்து எங்கிருந்து வருகிறது என்று கேட்க மாட்டார்களா? கேட்டால் மெஷின் வெளியே வராதா? நீளமான ஒரு ரப்பர் குழாயை மாட்டி, கிணற்றுத் தண்ணீர் வந்து விழும் தரைத்தொட்டிக்குள் அதை விட்டேன். தொட்டியிலிருந்துதான் மாடித் தொட்டிக்கு ஏறும். அங்கிருந்து அடுப்படிக்கு, தெருக் குழாய்க்கு, மெஷினுக்கு. ஒரு சொட்டு வீணாகவில்லை. ஒரு கண்ணும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பருப்பு வேகவில்லை.

"என்னங்க, பருப்பு கல்லு மாதிரி கெடக்கு," என்றாள் செவந்தி.

கடைக்காரனிடம் போய்ச் சத்தம் போட்டேன். மாற்றிக் கொடுத்தான். அதுவும் வேகவில்லை. ஆலங்குடியிலிருந்து வாங்கி வரச் செய்தேன். அதுவும் அப்படியே. குக்கர் ரப்பர் போய்விட்டது என்று சொல்லி ரப்பரை மாற்றினேன். விசில்தான் பிரமாதமாக வந்தது. பருப்பு தட்டில் விழுந்து உருண்டது.

"தண்ணியில ஏதுங் கோளாறா?" என்று ஒருநாள் செவந்தி கேட்டாள்.

"வாயைக் கழுவு," என்றேன்.

வாசல் வரிசையும் தேய்ந்தது. முன்பு குடம் குடமாக எடுத்தவர்கள் பாத்திரம் கழுவ மட்டும் ஒரு வாளி எடுத்தார்கள். பொன்னுத்தாய் பாதிக் குடத்தை என் கண்ணெதிரே கீழே கொட்டிவிட்டு, "வெயிலுக்குத் தண்ணி கனத்துருச்சுங்க," என்று எனக்கே சமாதானம் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று காபியைத் தொடவில்லை. அந்தக் காபியும் நன்றாக இல்லை.

கமிட்டிக் கூட்டத்தில் நாகராசு எழுந்தான். "அண்ணன் வீட்டுத் தண்ணி மேல குத்தம் சொல்லலை. போன வாரம் அங்கிட்டு எடுத்த தண்ணியில எங்க வீட்டுல குழம்பு வெக்கப் பாத்தாக. பருப்பு எங்கள மொறைச்சுப் பாக்குது. சாமி சோறுல பருப்பு வேகலைன்னா ஊருக்குத்தானே அசிங்கம்? இந்த வருசம் மட்டும் நம்ம போர்லேர்ந்து எடுப்போமே."

"ஒங்க வீட்டுப் பருப்பு மொறைக்கும்ப்பா. ஒன்னைப் பாத்துப் பழகுனதுல்ல?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் அவன் சொன்னதை மறுக்கவில்லை. முதல் குடம் நானே கொண்டு வரலாம், அண்டாவில் பருப்பு வேகாவிட்டால் அடுத்த வருஷம் முதல் நாகராசு வீடு என்று முடிவாயிற்று. அப்பா காலத்திலிருந்து ஒருவரும் எங்களுக்கு இப்படி நிபந்தனை போட்டதில்லை.

பௌர்ணமிக்கு முதல்நாள் காலை, கூடத்தில் கலைமதியின் குரல் உயர்ந்தது. மெஷின் மாட்டியபின் புதிதாக வாங்கிவிட்ட மீன்கள் கறுத்துப்போய் ஒரு மூலையில் ஒண்டியிருந்தன. ஒரு ஜோடி மட்டும் பக்கத்தில் வைத்த சின்னத் தனித்தொட்டியில் முட்டையிட்டுக் காவல் காத்துக்கொண்டிருந்தது. அவள் ரியாசுதீன் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பேனாவை எடுத்துவந்து அடுப்படிக் குழாயில் முக்கினாள். பிறகு கிணற்றில் வாளி விட்டு இறைத்து, அதில் முக்கினாள். இரண்டாவது முறையும் இரண்டையும் பார்த்தாள்.

"கிணத்துல எப்பவும்போலத்தான் காட்டுது மாமா. குழாயிலதான் ரெண்டு மடங்குக்கிட்ட ஏறிக் கெடக்கு. நடுவுல எங்க உப்பு சேருது?"

நேராகப் பின்கட்டுக்குப் போனாள். நானும் போனேன். ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டே நடந்து, தரைத்தொட்டி மூடியருகில் நின்றாள்.

"மாமா, இதை யாரு இதுக்குள்ள விட்டது?"

"நான்தான். நல்ல தண்ணியைச் சாக்கடையில விடச் சொல்றியா?"

"இது நல்ல தண்ணி இல்ல மாமா. மெஷினு பிரிச்சு எடுத்த உப்பு பூரா இதுலதான் வருது. அதையே திரும்பத் திரும்ப நாம குடிச்சுக்கிட்டு இருக்கோம். தெருவும் குடிச்சுக்கிட்டு இருக்கு. அவங்க எடுக்குறது கொறையக் கொறைய இன்னும் உப்பு ஏறுது."

செவந்தி தலையில் கை வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "மூணு வாட்டி வாங்குன பருப்பை ஏசிட்டேனே!"

"ஏசுனது நானு. நீ ஏன் அழுகுற?" என்றேன்.

குழாயைப் பிடுங்கி எறிந்தோம். தொட்டியைக் காலி செய்யலாம், ஆனால் கிணற்றில் வாளி முங்குமளவுதான் கிடந்தது, கோடையில் அது ஊறிவர நேரமாகும். சாம்பார் அண்டா நிறைய விடிவதற்குள் ஊறாது. வீட்டில் அண்டாவுக்குப் போதுமான நல்ல தண்ணீர் ஒரே இடத்தில்தான் இருந்தது, உரமூட்டை அறையின் நீல டிரம்களில். அதுவும் முட்டைத் தொட்டிக்கு மாற்றுவதற்காக அவள் சேர்த்து வைத்தது.

கேட்க எனக்கு வாய் வரவில்லை. மருமகளிடம் நான் இதுவரை ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட அதட்டித்தான் கேட்டிருக்கிறேன்.

"எடுத்துக்கங்க மாமா," என்றாள் அவளே.

"மீனு?"

"பாப்போம்."

செவந்தி குரலைத் தாழ்த்தினாள். "பின்வாசல் வழியா டிரம்மைக் கொண்டுபோய், பித்தளைக் குடத்துல மாத்திருவோம். வேப்பிலையைப் போட்டா எந்தத் தண்ணின்னு யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாதுதான். தெருவுக்குத் தெரியக் கூடாது என்று ஒரு குழாயை ஒளித்துத்தான் இந்த நிலைக்கு வந்தோம். இனி அய்யனாரிடமும் ஒளிப்பதா? இந்த வீட்டுப் பெயரைச் சொல்லி நான் தோளில் சுமக்கிற குடத்தில் இருப்பது இன்னதென்று நானே சொல்ல முடியாவிட்டால், அதைச் சுமப்பதைவிட நாகராசுக்கே கொடுத்துவிடலாம்.

"டிரம்மு முன்வாசல் வழியாத்தான் போகும்," என்றேன்.

மறுநாள் காலை தலைப்பாகை கட்டி நான் குடத்தோடு முன்னே நடந்தேன். பின்னால் டாடா ஏஸ் வண்டியில் நீல டிரம்கள் வந்தன. கோயில் வாசலில் நாகராசு நின்றிருந்தான்.

"என்னண்ணே, கெணத்தை டிரம்முல அடைச்சுட்டீகளா?"

கமிட்டி மொத்தமும் கூடியிருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "எங்க கிணத்துத் தண்ணிதான். எங்க வீட்டு மெஷினுல சுத்தம் பண்ணது. நடுவுல கொஞ்ச நாளா குழாய்த் தண்ணி கெட்டுப்போனது எங்க வீட்டுத் தப்பு. கிணத்துத் தப்பில்லை. வேணும்னா ஊத்துறேன். வேணாம்னா திரும்பிப் போறேன்."

"மெஷினா? மருமக மீனு வளக்குறாகளே, அதுக்குப் போட்டதா? அப்ப சாமிக்கு மீன் தண்ணியா?"

"மீன் தண்ணிதான். ஒன் போர்த் தண்ணியில அந்த மீனு ஒரு நாள் நிக்குமான்னு விட்டுப் பாரு, பெறகு பேசு."

பூசாரி என்னைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். "கிணத்துலேர்ந்து வந்துச்சுல்ல? ஊத்துங்க," என்றார்.

ஊற்றினேன். சமையல் மாஸ்டர் பருப்பைக் கொட்டினார். நான் உட்காரவில்லை. தலைப்பாகையோடு அடுப்பருகிலேயே நின்றேன். புகை கண்ணைக் கரித்தது. மாஸ்டர் கரண்டியில் அள்ளி விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "வெண்ணெய்ங்க," என்றார். நாகராசு அங்கிருந்து நகர்ந்து பந்தலில் இலை போடப் போய்விட்டான்.

சாப்பாடு முடிந்து வீட்டுக்கு வந்தேன். கலைமதி தனித்தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். முட்டைகள் இல்லை. தண்ணீர் மாற்றாமல் விட்டதில் அந்த ஜோடியே தின்றுவிட்டதாம். என்ன ஜென்மமோ.

"அதுக திரும்பப் போடும் மாமா," என்றாள். எனக்குத்தான் ஆறுதல் சொல்கிறாள்!

மெஷினை முன்பக்கம் மாற்றிவிட்டோம். கழிவுக் குழாய் மதிலைத் தாண்டி வேலியோரத் தென்னைகளுக்குப் போகிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று, இது என்ன, அது என்ன, எவ்வளவு ஆச்சு என்று கேட்டு என் உயிரை எடுக்கிறார்கள். தெருக் குழாயில் கூட்டம் பழையபடி வந்துவிட்டது.

நேற்று நாகராசு ஒரு பாட்டிலோடு வந்து வாசலில் நின்றான்.

"அந்தப் பேனாவுல நம்ம போர்த் தண்ணியையும் பாக்கச் சொல்லுங்கண்ணே. பொண்டாட்டி நச்சரிக்கிறா."

கலைமதி பாட்டிலில் பேனாவை விட்டாள். எண் ஏறிக்கொண்டே போனது. எங்கள் குழாய் கெட்டுக்கிடந்த நாளில்கூட இவ்வளவு இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். தெருவில் குடத்தோடு நின்ற பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். இந்த நாளுக்குத்தான் நான் இரண்டு வருஷமாகக் காத்திருந்தேன். ஆனால் என்ன செய்வது, அவனும் எங்கள் பாட்டன் வழிதான். அவன் வீட்டு எண்ணைத் தெருவில் வைத்து வாசிக்க முடியாது.

"உள்ள வா," என்றேன். "காபி குடிச்சுக்கிட்டே பேசுவோம். அந்தப் பாட்டிலை மொதல்ல மூடு."