திருப்பிக் கேட்ட இசாலே

மோஷி நகரச் சாலையோரத்தில் செடி விற்கும் இடத்தில் அமினியேல் உராசாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைத்தடியால் மண்ணைக் கிளறினார். கடிகாரத்தைப் பார்த்தார். மகன் கானயேல் ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கிப் பார்த்து, தொலைபேசியில் எதையோ தேடிவிட்டு, மறுபடி கீழே வைத்துக்கொண்டிருந்தான்.

"இதுல பால் வடியும்பா, பூனைக்கு ஆகாது."

"அதோ லில்லி இருக்கே, பாக்க லட்சணமா?"

"அந்தம்மா முன்னாடி லில்லி பேரையே எடுத்துடாதீங்க. போன ஈஸ்டருக்குக் கோயில்லேருந்து கொண்டாந்த லில்லியை நக்கித்தான் அவங்க பழைய பூனை செத்துச்சு."

"சம்பந்தி வீட்டுக்குப் போறோமா, பூனைக்குச் சீர் கொண்டு போறோமா?"

கானயேல் அடுத்த தொட்டியைத் தூக்கினான். இந்தப் பேச்சுதானே வினையானது. பெண் கேட்கப் போன அன்று, பெண்ணின் தாய் ஐக்காண்டேயின் வீட்டில் ஒரு பெரிய நாற்காலியில் பூனை படுத்திருந்தது. உராசா வம்சத்துப் பெரியவர் நிற்க, பூனை உட்கார்ந்திருப்பதா? அமினியேல் அதைத் தள்ளிவிட்டு, "புருஷன் போனதும் நாற்காலியைப் பூனைக்குக் குடுத்துட்டாங்க போல" என்று சபையில் சொல்லிவிட்டார். அது ஐக்காண்டேயின் காலமான கணவர் ஸ்வாயின் நாற்காலி. ஐக்காண்டே குரலை உயர்த்தவில்லை. "என் பொண்ணு அந்த வீட்டுக்கு வரமாட்டா" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டாள். கல்யாணம் அந்த இடத்திலேயே நின்றுபோனது. அவள் மகள் அனெத் கானயேலிடம் அழுதாள், கானயேல் சோற்றைத் தொடவில்லை, ஊர் பேசியது.

அதனால்தான் இன்று இசாலே, சமாதானம் கேட்டுக் கொண்டுபோகும் வேலிச்செடி. இசாலே இலையோடு வந்தவரைத் திருப்பி அனுப்பக்கூடாது. எந்தப் பகையானாலும் வாங்கிக்கொண்டே ஆகவேண்டும். கொண்டு போகிறவர் வாய் திறக்க வேண்டியதில்லை, இலையே பேசிவிடும். அமினியேலுக்கு அந்த வழக்கத்தில் பிடித்ததே அதுதான்.

ஒரு இலை போதும். ஆனால் உராசா வீட்டார் கண்டவர்களைப் போல ஒற்றை இலையை ஆட்டிக்கொண்டு போவதா? தம் தந்தையின் கல்லறையைச் சுற்றி நின்ற இசாலேயில் இளங்கன்று ஒன்றை வேரோடு பெயர்த்து, மண்தொட்டியில் நட்டு, வண்டியின் பின்னிருக்கையில் ஒரு ஆளைப் போல உட்கார வைத்திருந்தார்.

"அக்கா, இசாலே வீட்டுக்குள்ள இருந்தா பூனைக்கு ஏதாவது ஆகுமா?" என்று கானயேல் செடிக்காரியைக் கேட்டான்.

அவள் சிரித்தாள். "வேலியில நிக்கறதை யாரு தம்பி வீட்டுக்குள்ள வெப்பா? என்கிட்ட ஒருத்தரும் வாங்கினதுமில்ல, இப்படிக் கேட்டதுமில்ல. எனக்கென்ன தெரியும்?"

அவன் அந்தக் கன்றைப் படமெடுத்து, நகரத்து மாட்டு டாக்டருக்கு அனுப்பினான். பிறகு ஊதாப் பூ பூத்த சின்ன உசம்பரா வயலெட் தொட்டி ஒன்றை வாங்கினான். பூனை இதை மொத்தமாகத் தின்றாலும் கவலையில்லையாம்.

"உள்ளங்கையில அடங்கற செடியைத் தூக்கிட்டு உராசா வீட்டுக்காரன் போறதா? அது வண்டியிலேயே இருக்கட்டும். கிளம்பு."

ஐக்காண்டே வீடிருக்கும் மச்சாமே மேட்டில் வண்டி ஏற ஏற அவருடைய விரல்கள் தொட்டியின் விளிம்பைத் தட்டிக்கொண்டே வந்தன.

ஐக்காண்டே வாசலில் நின்றாள். பக்கத்தில் சாட்சிக்காக அவளுடைய கணவரின் அண்ணன் மகுண்டி. அமினியேல் தொட்டியை இரு கையாலும் நீட்டினார். பேசவில்லை. முழுச் செடியைப் பார்த்து அவள் புருவம் ஒரு கணம் உயர்ந்தது, அவ்வளவுதான். வாங்கிக்கொண்டாள்.

"இசாலே வந்தாச்சு. இனி பழைய கதை கிடையாது" என்றார் மகுண்டி. "அனெத்து, சூப்பைக் கொண்டாம்மா. மனுஷன் பசியில இருக்கான், பாவம், நேத்துலேருந்து ரோஷத்தைத்தான் தின்னுட்டிருந்திருப்பான்."

அமினியேல் சிரிக்கவில்லை. ஆனாலும் கோட்டுப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டார்.

ஐக்காண்டே தொட்டியைச் சன்னலோர முக்காலியில் வைத்தாள், மதிப்பான இடம். அதற்கு அருகில்தான் அந்த நாற்காலி. நாற்காலியில் அதே பூனை. கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை இருந்ததால் அதற்குப் பிஷப் என்று பெயர்.

வாழைக்காய் சூப் வந்தது. மகுண்டி கல்யாண நாளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பிஷப் எழுந்து முதுகை வளைத்து நெளிந்தது, முக்காலியை எட்டிப் பார்த்தது, இசாலேயின் நுனியைக் கடித்தது.

கானயேலின் சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. படித்தான். அப்பா பக்கம் சாய்ந்தான்.

"டாக்டர் சொல்றார், பூனைக்கும் நாய்க்கும் அது ஆகாதாம். எச்சில் ஒழுகும், வாந்தி வரும். உடனே எடுத்துடணுமாம்."

"சும்மா இரு."

"அப்பா, திங்குது."

"குடுத்த இசாலேயைத் திருப்பிக் கேட்டா சமாதானம் வேணாம்னு அர்த்தம். அந்தக் கிழவன் பாத்துட்டு உக்காந்திருக்கான். ஊரு சிரிக்கணுமா? ரெண்டு இலைதானே, திங்கட்டும்."

சொல்லிவிட்டாரே தவிர, சூப்பைக் குடிக்கவில்லை. கரண்டியை வைத்தார், எடுத்தார். காலை மாற்றிப் போட்டார். பார்க்கக்கூடாது என்று நினைக்க நினைக்கக் கண் அங்கேயே போனது. பிஷப் இலையை நார்நாராகக் கிழித்துக்கொண்டிருந்தது. பிறகு நிறுத்தியது. தலையை ஆட்டியது. வாயோரத்தில் எச்சில் நூலாகத் தொங்கியது.

ஐக்காண்டே பார்த்துவிட்டாள்.

ஒரு பூனை எச்சில் ஒழுகச் சுருண்டு செத்ததை ஏற்கெனவே பார்த்தவள். அவள் கை தொட்டியை நோக்கி உயர்ந்தது, அந்தரத்தில் நின்றது, மடிக்குத் திரும்பியது. வாங்கிய இசாலேயை வாங்கியவள் வெளியே வைத்தால் சமாதானத்தை உதறியதாகும். மகளின் கல்யாணம் மறுபடி நின்றுபோகும். பூனையை மட்டும் தூக்கி மடியில் இறுக்கிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, நேர்ப்பார்வையாக உட்கார்ந்திருந்தாள். அது திமிறிக்கொண்டு செடியையே பார்த்தது.

இந்த முதுகு அமினியேலுக்குத் தெரியும். தினமும் தாம் நிமிர்த்தி வைத்திருக்கும் முதுகு. இவள் இப்படியே உட்கார்ந்திருப்பாள். இன்று, நாளை, இந்தச் செடி இந்தச் சன்னலில் இருக்கும்வரை. கேட்கமாட்டாள்.

எழுந்தார். நாற்காலி பின்னுக்கு நகர்ந்த சத்தத்தில் மகுண்டியின் பேச்சு நின்றது.

"அந்த இசாலேயைக் குடுங்க, சம்பந்தியம்மா."

"என்னய்யா சொல்றே?" மகுண்டியின் குரல் உயர்ந்தது. "குடுத்துட்டுத் திருப்பிக் கேக்கறியா? என்ன வெளையாட்டு இது?"

"பூனைக்கு ஆகாத செடி அது. இலையோட வந்திருக்கணும். பெருமைக்காகச் செடியைத் தூக்கிட்டு வந்தேன்."

"அப்போ சமாதானம்?"

அதற்கு இலையிடம் பதில் இல்லை. செடியிடமும் இல்லை. அமினியேல் அவள் பக்கம் திரும்பினார். தந்தையின் காலத்திலிருந்து உராசா வீட்டு ஆண்கள் யாரும் சபையில் சொல்லாத வார்த்தை.

"அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் நாற்காலியைப் பத்திச் சொன்னது தப்பு" என்றார். "நாற்காலி உங்களுது. அதுல யார் உக்காரணும்னு சொல்ல நான் யாரு? மன்னிச்சுக்குங்க. இதை வாயால கேக்கறேன். செடி இல்லாமயே கேக்கறேன்."

கதவருகே அனெத் கையில் அகப்பையோடு நின்றாள். பிஷப் ஒரு முறை குமட்டி, ஐக்காண்டேயின் பாவாடையில் பச்சையாக வாந்தியெடுத்தது.

"நல்லதா போச்சு, வெளிய வந்துடுச்சு" என்று கானயேல் ஓடி வந்தான். "டாக்டர்கிட்ட இப்பவே கொண்டு போயிடலாம்மா."

ஐக்காண்டே பூனையை அவனிடம் கொடுத்தாள். பாவாடையைத் துடைக்கவில்லை. தொட்டியை எடுத்து அமினியேலின் கையில் வைத்தாள்.

"எங்க வாசல் வேலியில ஒரு இடைவெளி இருக்கு" என்றாள். "பூனை அந்தப் பக்கம் போறதில்ல."

வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கோட்டுமாக அமினியேல் வேலியோரம் போனார். அனெத் மண்வெட்டி கொண்டுவந்தாள். குனிந்து பார்த்தார், எட்டவில்லை. கைத்தடியை வேலியில் சாய்த்துவிட்டு மண்ணில் மண்டியிட்டார். கானயேல் வண்டியைக் கிளப்புமுன் அந்த ஊதாப்பூத் தொட்டியை எடுத்து அனெத்திடம் நீட்டியதையும், அவள் அதைச் சன்னலுக்குக் கொண்டு போனதையும் கடைக்கண்ணால் பார்த்தார்.

குழி பறித்துக் கன்றை இறக்கினார். பின்னால் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"அது போதாது சம்பந்தி" என்றாள் ஐக்காண்டே. "இன்னும் ஆழமா தோண்டுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி சாஞ்சுடப் போகுது."