பார்சல் கிடையாது

போதகரம்மாவுக்குக் கோபம் வந்தால் சபையே வாயைப் பொத்திக்கொள்ளும். அதுவும் நல்ல காரியத்துக்காக வந்த கோபம் என்றால் கேட்கவே வேண்டாம், கர்த்தரே பக்கத்தில் நிற்பதுபோல ஒற்றைக் காலில் நிற்பார்.

வீடில்லாதவர்களுக்கு ஞாயிறு மதியம் சாப்பாடு கொடுப்பது அந்தச் சபையில் பழைய வழக்கம்தான். ஆராதனை முடிந்ததும் கம்பிக் கேட்டைப் பாதி திறந்து, உள்ளே நின்றபடியே பொட்டலங்களை நீட்டுவார்கள். வாங்கியவர்கள் மதிலோரம் நின்று தின்றுவிட்டுப் போவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் போதகரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“கம்பி வழியா நீட்டறதுக்கு இது என்ன மிருகக்காட்சி சாலையா? ஆண்டவர் அவங்களோட பந்தியில உட்கார்ந்தாரு. பார்சல் கட்டிக் கொடுக்கல” என்று கமிட்டிக் கூட்டத்தில் மேசையைத் தட்டினார்.

தரை அழுக்காகும், கக்கூஸ் அடைத்துக்கொள்ளும் என்று பொருளாளர் அடுக்கினார். அம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் பொருளாளர் இறங்கி வந்தார், ஆனால் ஒரு கொக்கியோடு. தெருவில் கிடக்கும் பொட்டலக் காகிதங்களைப் பற்றி அக்கம்பக்கத்தார் ஏற்கெனவே புகார் சொல்லியிருந்தார்கள். “உள்ள உட்கார வைங்க, வேண்டாங்கல. வெளிய ஒரு பொட்டலம் போனாலும் மறுபடி அந்தக் கம்பிக் கேட்டுதான்” என்றார்.

அப்படித்தான் சபை மண்டபத்துக்குப் பந்தி வந்தது. நீள மேசை, வெள்ளை விரிப்பு, பீங்கான் தட்டு. காய்கறி சூப், ரொட்டி, அவித்த முட்டை. பரிமாறுகிறவர்களும் நடுநடுவே உட்கார்ந்து அதையே சாப்பிட வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். முதல் வாரம் இரண்டு பக்கமும் கூச்சத்தில் நெளிந்தது. போகப்போக மண்டபத்தில் சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எப்போதும் இருமல் மருந்துப் புட்டியோடு வரும் ஒருவர் ஜெபத்துக்கு ஆமென் சொல்வதில் போதகரையே முந்தினார். தன் வாழ்நாளில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இதுதான் என்று அம்மா நம்பினார். அது பொய்யும் இல்லை.

இடைஞ்சல் கோட்டுக்காரரால் வந்தது. வெயிலோ மழையோ, அந்த மனிதர் பழைய கம்பளிக் கோட்டைக் கழற்ற மாட்டார். சூப்பைக் குடிப்பார், ரொட்டியில் பாதியைத் தின்பார், மீதிப் பாதியும் முட்டையும் கோட்டுப் பைக்குள் போய்விடும். ஒரு ஞாயிறு அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

“என்னங்க, கோட்டுக்கும் பசிக்குதா?” என்று எல்லோரும் கேட்கும்படி கேட்டார். மேசையே சிரித்தது. கோட்டுக்காரர் முட்டையை எடுத்துத் தட்டில் வைத்தார். காது மடல் சிவந்துவிட்டது.

பந்தி கலைந்தபின் அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். “என் வீட்டுக்காரிக்கும்மா. பாலத்துக்கு அடியில படுத்திருக்கா. நடக்க முடியாது.”

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலயா?”

“போனோம். அங்கிருந்து அவளப் பொம்பளைங்க விடுதிக்கு அனுப்பிட்டாங்க, என்னை வேற விடுதிக்கு. கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள போதும்போதும்னு ஆயிடுச்சு. இனிமே மாட்டாளாம்.”

அம்மாவுக்கு நெஞ்சு இளகியது. கை ரொட்டிக் கூடைப் பக்கம் போகவும் செய்தது. அந்த நேரம் பார்த்துப் பொருளாளர் மண்டபத்துச் சன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். ஒருத்தருக்குக் கட்டிக் கொடுத்தால் அடுத்த வாரம் பத்துப் பேர் கேட்பார்கள், அதற்கடுத்த வாரம் மறுபடி அந்தக் கம்பிக் கேட்டுதான். இவ்வளவு பாடுபட்டது எல்லாம் ஒரு பொட்டலத்தில் போய்விடும். கை திரும்பி வந்துவிட்டது.

“அவங்களையும் கூட்டிட்டு வாங்க” என்றார். “மகாராணி மாதிரி உட்கார வைக்கிறேன். உங்க பக்கத்துலயே நாற்காலி.”

“நடக்க முடியாதும்மா.”

“எப்படியாவது கூட்டிட்டு வாங்க. சேர்ந்து சாப்பிடணும், அதுக்குத்தான இந்தப் பந்தியே.”

கோட்டுக்காரர் தலையாட்டினார். சபை வேன் ஒன்று கொட்டகையில் சும்மா நின்றது. அது அந்த நேரத்தில் அம்மாவுக்குத் தோன்றவே இல்லை.

இரவு போதகர் மெல்ல ஆரம்பித்தார். “ரெண்டு ரொட்டிதானம்மா. கொடுத்திருக்கலாமே.”

“நீங்க சும்மா இருங்க. உங்க பொருளாளர் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காரு.”

போதகர் சும்மா இருந்தார். அதில் அவருக்கு நல்ல பழக்கம்.

அடுத்த ஞாயிறு காலையிலிருந்தே மழை கொட்டியது. அம்மா நாற்காலியில் ஒரு மெத்தை போட்டு வைத்தார், கால் நீட்ட முக்காலி வைத்தார், முதுகுக்குத் தலையணை வைத்தார். கோட்டுக்காரர் வரவில்லை. மழைக்கு யார் வருவார்கள் என்று சொல்லிக்கொண்டாலும், பந்தி முடியும்வரை கண் வாசலிலேயே இருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு அவர் வந்தார். தனியாக வந்தார். கோட்டு இல்லை. அதில்லாமல் ஆள் பாதியாகத் தெரிந்தார். மெத்தை போட்ட நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஜெபம் முடிந்ததும் சாப்பிட ஆரம்பித்தார். சூப்பைக் குடித்தார், முட்டையைத் தின்றார், ரொட்டியை முழுதாகத் தின்றார், தட்டில் கிடந்த துணுக்குகளையும் விரலால் ஒற்றி எடுத்தார்.

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். “இன்னைக்குத்தாங்க முழுசா சாப்பிட்டிருக்கீங்க!”

“எடுத்துட்டுப் போக ஆள் இல்லம்மா.”

அம்மா கையில் இருந்த சூப் கரண்டி அப்படியே நின்றது.

“கூட்டிட்டுத்தான் வந்தேன். சந்தையில ஒரு தள்ளுவண்டி கேட்டு வாங்கி, என் கோட்டைப் போட்டு மூடிக் கூட்டிட்டு வந்தேன். பாதி வழியில மழை புடிச்சுக்கிச்சு. ஒதுங்க எடமில்ல. நடுங்கிட்டே இருந்தா, திரும்பிட்டோம். புதன்கிழமை போயிட்டா.” அவர் குரலில் குற்றம்சாட்டும் தொனி எதுவும் இல்லை. “நாற்காலி போட்டு வெச்சிருக்காங்கன்னு சொன்னேன். அதுக்காகத்தான் தலையெல்லாம் சீவிக்கிட்டா.”

அம்மா சமையலறைக்கு ஓடினார். கூடையில் இருந்த ரொட்டி, மிச்ச முட்டைகள், அலமாரியில் தனக்கென்று வைத்திருந்த பழங்கள், எல்லாவற்றையும் கைக்குக் கிடைத்த பையில் திணித்தார். பொருளாளர் வாசலில் நின்று பார்த்தார். “யாராவது ஒரு வார்த்தை பேசிப் பாருங்க” என்றார் அம்மா.

பையைக் கோட்டுக்காரர் முன்னால் வைத்தார். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“இவ்வளவும் யாருக்கும்மா?”

அம்மாவுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. கேட்க வேண்டியவள் புதன்கிழமையே போய்விட்டாள்.

கோட்டுக்காரர் பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துப் பிட்டு, ஒரு பாதியை அம்மா பக்கம் நீட்டினார். “நீங்க இன்னும் சாப்பிடலயே. உட்காருங்க. சேர்ந்து சாப்பிடணும்னு சொன்னீங்கல்ல.”

மேசையில் வேறு இடம் காலி இல்லை. போதகரம்மா மெத்தை போட்ட அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ரொட்டியை வாயில் போட்டு மென்றார். நன்றாக மென்றும் அது உள்ளே இறங்கவில்லை.

அவர் விழுங்கி முடிக்கும்வரை கோட்டுக்காரர் மரியாதையாகக் காத்திருந்தார்.